விடுதலை கிடைத்த மறுநாள் – அமெரிக்கர்கள் தமக்கென ஓர் அரசை அமைத்த வரலாறு



பினாங்கிற்குக் கல்விச் சுற்றுலா செல்லும் பள்ளிகள் பெரும்பாலும் கடற்கரையோரம் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். பீரங்கியைச் சுற்றி நின்று படமெடுத்து முடித்த பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், கார்ன்வாலிஸ் என்பவர் யார்? இங்கே சண்டை போட்டு வென்றவரா?"

இல்லை என்றேன். இந்தக் கோட்டை ஒரு போரையும் கண்டதில்லை. கார்ன்வாலிஸ் பிரபு 1781இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த ஆங்கிலேயத் தளபதி. தோற்றவரை இங்கிலாந்து ஒதுக்கிவிடவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. 1786 ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். அடுத்த மாதம் கார்ன்வாலிஸ் கல்கத்தாவில் பதவியேற்றார். ஆகவே கோட்டைக்கு அவர் பெயர் வந்தது. நகருக்கு வந்த ஜார்ஜ் டவுன் என்னும் பெயரோ, எந்த மன்னரை எதிர்த்து அமெரிக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்களோ அதே மூன்றாம் ஜார்ஜ் மன்னருடையது.

மாணவன் அத்தோடு விடவில்லை. "அமெரிக்காக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். சரி, மறுநாள் என்ன செய்தார்கள் டீச்சர்?"

"சொந்தமாக ஆட்சி அமைத்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றக் கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே வந்தது. பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற வரலாறும், பின்னர் வகுப்பில் நான் சொன்ன கதைகளும் விடுதலை நாளோடு முடிந்துவிடுபவை. கொடி ஏறும், கூட்டம் ஆரவாரிக்கும், பாடம் முற்றுப்பெறும். மறுநாள் காலையில் யார் வரி வசூலித்தார்கள், யார் சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. அதன் பிறகு கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். "ஆட்சி அமைத்தார்கள்" என்ற இரண்டு சொற்களுக்குள் பல ஆண்டுக் குழப்பமும் சண்டையும் சமரசமும் அடங்கியிருப்பதைக் கண்டேன். அந்த மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இக்கட்டுரை.

வரியா, உரிமையா?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர்களின் 13 குடியேற்றங்கள் இருந்தன. முதலாவது வர்ஜீனியா, 1607இல் தோன்றியது. கடைசியாக ஜார்ஜியா, 1733இல். இவர்கள் அனைவரும் இங்கிலாந்து மன்னரின் குடிமக்களே. ஆனால் உள்ளூர்க் காரியங்களைத் தாங்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களின் வழியே தாங்களே கவனித்துக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் மன்றம் 1619இலேயே கூடிவிட்டது. ஆக, விடுதலை கேட்கும் காலத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் தன்னாட்சிப் பழக்கம் இருந்தது. இதை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே வேர்.

1756 முதல் 1763 வரை பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போரில் இங்கிலாந்து வென்றது. ஆனால் அதன் கடன் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. குடியேற்றங்களைக் காப்பதற்கும் செலவானதால், அதில் ஒரு பங்கை அவர்களும் ஏற்கட்டும் என்று இலண்டன் எண்ணியது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. செய்தித்தாள், வழக்குப் பத்திரம், உரிமம், சீட்டுக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் வரி முத்திரை!

தொகை பெரிதல்ல. ஆனால் அமெரிக்கர்கள் தொகையைப் பற்றிப் பேசவில்லை. "இலண்டன் நாடாளுமன்றத்தில் எங்கள் பேராளர் ஒருவர்கூட இல்லை; எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் கைவிட உங்களுக்கு உரிமை ஏது?" என்பதே அவர்கள் வாதம். எதிர்ப்புக்கு அஞ்சி 1766இல் அச்சட்டம் மீட்கப்பட்டது. ஆனால் அதே வேளையில், அமெரிக்கர்களைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டத்தையும் இயற்றத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டுக்கொண்டது. மறு ஆண்டே கண்ணாடி, ஈயம், வண்ணச்சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது புதிய வரிகள் வந்தன.

1770 மார்ச் 5ஆம் நாள் பாஸ்டன் நகரில் கூட்டத்தினர் மீது சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். இங்கே கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. அந்தச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர். எதிரிக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்பது அவர் கொள்கை. அறுவர் விடுதலை பெற்றனர். இருவருக்குக் குறைந்த குற்றத்தின் பேரில் தண்டனை கிடைத்தது. இதே ஆடம்ஸ் பின்னாளில் அந்நாட்டின் இரண்டாவது அதிபரானார்.

தேயிலைப் பெட்டிகள்

எதிர்ப்பின் விளைவாகப் பிற வரிகள் நீங்கின. தேயிலை வரி மட்டும் நின்றது. இவ்விடத்தில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு பெயர் கதைக்குள் நுழைகிறது. அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி!

1770இல் வங்கத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டுப் பல இலட்சம் மக்கள் மடிந்தார்கள். கம்பெனியின் நிருவாகமும் சீர்குலைந்து கடனில் மூழ்கியது. அதன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் மலைபோல் குவிந்து கிடந்தது. கம்பெனியைக் கைதூக்கிவிட 1773இல் தேயிலைச் சட்டம் இயற்றப்பட்டது. கம்பெனி நேராக அமெரிக்காவில் மலிவாக விற்கலாம். ஆனால் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரி அப்படியே இருக்கும்.

தேயிலை மலிவாயிற்று, ஆயினும் மக்கள் சினந்தார்கள். ஏன் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் கிடைக்கும். மலிவான தேநீரைக் குடித்தால் வரி விதிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது ஒரு காரணம். ஒரே கம்பெனியின் கையில் வணிகம் போய்விடும் என்பது மற்றொன்று. வங்கத்தில் அக்கம்பெனி செய்ததை அமெரிக்கர்கள் அறிந்தே இருந்தார்கள். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அவ்வாண்டு எழுதிய மடலில் அதை எடுத்துக்காட்டி, இதே கம்பெனி இங்கும் வருகிறது என்று எச்சரித்தார்.

1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பூர்வகுடியினர் போல் வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறிச் சுமார் 340 தேயிலைப் பெட்டிகளைப் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டினார்கள். பாடநூல்கள் இதனைப் 'பாஸ்டன் தேநீர் விருந்து' என்கின்றன. இங்கிலாந்து துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் தன்னாட்சியைக் குறைத்தது. ஒரு குடியேற்றத்துக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று மற்றவை உணர்ந்தன. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் 'காங்கிரஸ்' என்ற பொதுப் பேரவையாகக் கூடினார்கள். 1775 ஏப்ரல் 19இல் லெக்சிங்டன், கான்கார்டு என்னும் ஊர்களில் துப்பாக்கிகள் வெடித்தன. போர் தொடங்கிவிட்டது.

பிரகடனமும் போரும்

போர் தொடங்கிய பிறகும் ஓராண்டுக் காலம் பலர் மன்னரோடு சமரசமாகிவிடவே விரும்பினர். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் எளிய நடையில் எழுதிய 'காமன் சென்ஸ்' என்னும் சிறு நூல் அந்தத் தயக்கத்தை உடைத்தது. ஜூலை 2ஆம் நாள் பேரவை விடுதலைக்கு வாக்களித்தது. தாமஸ் ஜெபர்சன் எழுதிய பிரகடனம் 4ஆம் நாள் ஏற்கப்பட்டது. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்றும், ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்தே அரசுக்கு அதிகாரம் பிறக்கிறது என்றும் அது உலகுக்கு அறிவித்தது.

அவ்வாசகத்தை எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். அவரது முதல் வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் ஒரு பகுதி இருந்தது. பேரவை அதை நீக்கிவிட்டது. 1776 மார்ச்சில் அபிகேல் ஆடம்ஸ் அம்மையார் தம் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு மடல் எழுதி, புதிய சட்டங்களில் பெண்களையும் நினைவில் வைக்கும்படி கேட்டிருந்தார். அதுவும் ஏற்கப்படவில்லை.

போர் நீண்டது. 1777–78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் ஏறத்தாழ 2,000 வீரர்கள் நோயால் இறந்தார்கள். சரடோகாவில் கிடைத்த வெற்றிக்குப் பின் 1778இல் பிரான்ஸ் துணைக்கு வந்தது. 1781இல் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சிக்கிக்கொண்டார். நிலத்தில் வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும், கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் சூழ்ந்துகொண்டன. அக்டோபர் 19ஆம் நாள் அவரது படை சரணடைந்தது. உடல்நலமில்லை என்று கூறி, வாளை ஒப்படைக்கத் தம் துணைத் தளபதியை அனுப்பிவைத்தார் கார்ன்வாலிஸ்.

பிரான்ஸ் போரில் இறங்கியதால் போர் உலகெங்கும் பரவியது. 1778இலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். லெக்சிங்டனில் தொடங்கிய போரின் கடைசிச் சண்டைகளுள் ஒன்று 1783 ஜூன் மாதம் தமிழகத்தின் கடலூரில் நடந்தது! கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள், வெளியே ஆங்கிலேயர்கள். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. அச்செய்தி கப்பலில் வந்து சேர ஐந்து மாதங்களுக்கு மேலாயிற்று. அதுவரை, முடிந்துபோன போருக்காக மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள்: காலிக் கருவூலம்

1783 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் இங்கிலாந்து அமெரிக்காவின் விடுதலையை ஏற்றது. இனி மாணவனின் கேள்விக்கு வருவோம்.

அப்போது நடப்பிலிருந்த அரசு 'கூட்டமைப்பு விதிகள்' என்ற ஏற்பாட்டின் கீழ் இயங்கியது. 1777இல் எழுதப்பட்டு, எல்லா மாநிலங்களின் ஒப்புதலும் கிடைத்து 1781 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. தொலைவிலிருந்து ஆண்ட ஓர் அரசால் துன்புற்றவர்கள் எழுதியது ஆகையால், மைய அரசின் கைகளை அது இறுகக் கட்டிவிட்டது. பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், அவ்வளவே. நாட்டுக்கு அதிபர் இல்லை; பொதுவான நீதித்துறை இல்லை. பெரிய மாநிலமோ சிறிய மாநிலமோ, ஆளுக்கு ஒரு வாக்கு. விதிகளைத் திருத்தவேண்டுமானால் பதின்மூன்றும் ஒப்பவேண்டும்.

இறக்குமதிப் பொருள்களுக்கு 5 விழுக்காடு தீர்வை விதித்துக் கடனை அடைக்கலாம் என்று பேரவை 1781இல் கேட்டது. ரோட் ஐலண்ட் என்னும் மிகச் சிறிய மாநிலம் மறுத்தது, திட்டம் வீழ்ந்தது. பேரவை அச்சடித்த காகிதப் பணம் செல்லாக்காசாகிப் போயிருந்தது. போரிட்ட வீரர்களுக்குச் சம்பளம் இல்லை.

வயிறு காய்ந்த படை ஆபத்தானது. 1783 மார்ச்சில் நியூபர்க் முகாமில் படை அதிகாரிகள் பேரவையை மிரட்டத் திட்டமிட்டார்கள். வாஷிங்டன் அவர்கள் கூட்டத்துக்கு நேரில் வந்தார். ஒரு மடலைப் படிக்க எடுத்தவர், எழுத்துத் தெரியாமல் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்தார். நாட்டுப் பணியில் தமக்குத் தலை நரைத்ததோடு கண்ணும் மங்கிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னார். அவரைக் கண்ணாடியோடு பார்த்திராத அதிகாரிகள் பலர் கண்கலங்கினர். கலகம் அங்கேயே கரைந்தது. ஆனால் அவ்வாண்டு ஜூனில் சம்பளம் கேட்டுச் சுமார் 400 சிப்பாய்கள் பிலடெல்பியாவில் பேரவை கூடியிருந்த கட்டடத்தையே சூழ்ந்தபோது, தடுக்க ஆளின்றிப் பேரவையினர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். விடுதலை பெற்ற நாட்டின் அரசு தன் சொந்தச் சிப்பாய்களுக்கு அஞ்சி இடம் மாறிய காட்சி இது.

அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் வாஷிங்டன் அன்னாபொலிஸ் நகரில் பேரவையின் முன் நின்று தம் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். படை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது, பேரவையோ பலமற்றிருந்தது. அவர் நினைத்திருந்தால் முடிசூட்டிக்கொண்டிருக்கலாம். யார்க்டவுன் வெற்றியைவிட இதுவே அவரது பெரிய செயல் என்பது என் கருத்து.

பின்னர் வந்தது குடியானவர்களின் சீற்றம். மாசசூசெட்ஸில் வரியை நாணயமாகவே கட்டவேண்டும் என்றார்கள். நாணயம் இல்லாத விவசாயிகளின் நிலம் பறிபோனது. சிலர் சிறைக்குச் சென்றனர். இவர்களில் பலர் விடுதலைப் போரில் சண்டையிட்டவர்கள். 1786இல் டேனியல் ஷேஸ் என்னும் முன்னாள் படைத்தலைவரும் பிறரும் திரண்டு நீதிமன்றங்களை மூடவைத்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நெருங்கியபோது பீரங்கி முழங்கி நால்வர் இறந்தனர். இதை அடக்கப் பேரவையால் இயலவில்லை. பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டுத் திரட்டிய படையே இறுதியில் அவர்களைக் கலைத்தது. வரியை எதிர்த்துப் புரட்சி செய்தவர்கள், தங்கள் அரசுக்கு எதிராகவே மீண்டும் துப்பாக்கி தூக்கினார்கள்.

மூடிய சன்னல்களுக்குள் நான்கு மாதங்கள்

ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது என்று இப்போது பலரும் ஒப்புக்கொண்டார்கள். 1787 மே 25ஆம் நாள் பிலடெல்பியாவில், விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட அதே கட்டடத்தில் மாநாடு தொடங்கியது. 12 மாநிலங்களிலிருந்து 55 பேராளர்கள் கலந்துகொண்டனர். ரோட் ஐலண்ட் யாரையும் அனுப்பவில்லை. வாஷிங்டன் தலைவர். 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளின் மூத்தவர். பேசுவது வெளியில் போகக்கூடாது என்பதற்காகக் கோடை வெயிலிலும் சன்னல்களை அடைத்துவிட்டு விவாதித்தார்கள். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் நாள்தோறும் குறிப்பெடுத்ததால்தான் உள்ளே நடந்தது நமக்குத் தெரிகிறது.

விதிகளைத் திருத்த வந்தவர்கள், திருத்திப் பயனில்லை என்று கண்டு புதிதாகவே எழுதத் தொடங்கினார்கள். முதல் பெரும் சிக்கல்: யாருக்கு எத்தனை வாக்கு? மக்கள்தொகைக்கு ஏற்பவே என்றன பெரிய மாநிலங்கள். மாநிலத்துக்கு ஒன்று என்றன சிறியவை. டெலவேர் பேராளர் ஒருவர், எங்களை நசுக்கப் பார்த்தால் வெளிநாட்டார் ஒருவரின் கையைப் பிடிக்க நேரிடும் என்றுகூட எச்சரித்தார். மாநாடு முறியும் நிலை. இறுதியில் கனெக்டிகட் பேராளர்கள் முன்வைத்த வழி ஏற்கப்பட்டது. கீழவையில் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். செனட் எனும் மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு. ஜூலை 16ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 5, எதிர்ப்பு 4. ஒரு மாநிலத்தின் வாக்கு சரிபாதியாகப் பிளந்துபோனது. ஒரே ஒரு மாநிலத்தின் வேறுபாட்டில் ஒரு நாடு நிலைத்தது!

பின்னர் அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சட்டம் இயற்றுவது பேரவை, நடத்துவது அதிபர், விளக்கம் தருவது நீதிமன்றம். அதிபர் ஒரு சட்டத்தைத் தடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு பேரவை அந்தத் தடையை மீறலாம். நீதிபதிகளை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்பவேண்டும். தவறிழைக்கும் அதிபரைப் பதவி நீக்கவும் வழி உண்டு. மனிதர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள் என்று நம்பி அவர்கள் எழுதவில்லை. ஒருவர் வரம்பு மீறினால் மற்றவர் தடுக்கட்டும் என்றே எழுதினார்கள்.

எழுதப்படாத சொல்

இங்கே ஒரு கறையைச் சொல்லியாக வேண்டும். பேராளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. ஆனால் கீழவை இடங்களைக் கணக்கிடும்போது அவர்களையும் சேர்க்கவேண்டும் என்றன தென் மாநிலங்கள். ஐந்து அடிமைகளை மூவராக எண்ணுவது என்று பேரம் முடிந்தது. அடிமை இறக்குமதியை 1808 வரை பேரவை தடை செய்யக்கூடாது என்றும் எழுதப்பட்டது. தப்பியோடுபவரை உடையவரிடம் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்றும் விதி வந்தது. இத்தனையும் எழுதிய அந்த ஆவணத்தில் 'அடிமை' என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. எழுதக் கூசினார்கள், ஆனால் செய்யக் கூசவில்லை.

1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 39 இலட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள். பூர்வகுடிகளின் நிலையும் இதுவே. 1783 உடன்படிக்கை அவர்களின் நிலங்களைப் புதிய நாட்டுக்குக் கொடுத்தது. அவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மக்களின் ஒப்புதல்

1787 செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்டனர். கடைசிவரை இருந்தும் ஜார்ஜ் மேசன் உள்ளிட்ட மூவர் மறுத்தனர். தனிமனிதர் உரிமைகளின் பட்டியல் இதில் இல்லையே என்பது மேசனின் முதன்மையான குறை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாங்கள் எழுதிவிட்டோம், நீங்கள் பணியுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் கூடி விவாதித்தன. ஒன்பது மாநிலங்கள் ஒப்பினால் நடப்புக்கு வரும் என்பது விதி. ஹாமில்டன், மாடிசன், ஜே ஆகிய மூவரும் ஆதரவாக 85 கட்டுரைகள் எழுதினார்கள். விடுதலை வீரர் பேட்ரிக் ஹென்றியோ வர்ஜீனியாவில் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்தவர்களை யாரும் துரோகி என்று சிறையில் அடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் 187க்கு 168, வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27 என்று மயிரிழையில் ஒப்புதல் கிடைத்தது. 1788 ஜூன் 21இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது மாநிலமாக ஒப்பியது. பிடிவாதக்கார ரோட் ஐலண்ட் 1790இல்தான் 34க்கு 32 என்ற கணக்கில் வந்து சேர்ந்தது.

1789 ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க்கில் வாஷிங்டன் முதல் அதிபராக உறுதிமொழி எடுத்தார். உரிமைப் பட்டியல் தேவையில்லை என்று முன்பு எண்ணிய மாடிசனே, எதிர்த்தவர்களின் வாதத்தை மதித்து அவ்வாண்டு அதனைப் பேரவையில் கொண்டுவந்தார். பேச்சுரிமை, சமய உரிமை, நியாயமான விசாரணை உள்ளிட்ட 10 திருத்தங்கள் 1791 டிசம்பரில் நடப்புக்கு வந்தன. இன்று அமெரிக்கர்கள் மிகவும் பெருமையோடு பேசுவது இந்தப் பகுதியைத்தான். அதைத் தந்தவர்கள் தோற்ற கட்சியினர் என்பது சிந்திக்கத்தக்கது.

அந்த மாணவனுக்கு

ஆக, மறுநாள் என்ன செய்தார்கள்? ஓர் ஏற்பாட்டை எழுதிப் பார்த்தார்கள். அது சரியாக அமையவில்லை. சரியில்லை என்று ஒப்புக்கொண்டு மீண்டும் எழுதினார்கள். இரண்டாவதிலும் பிழை இருக்கக்கூடும் என்று கருதி, திருத்தும் வழியை அதற்குள்ளேயே வைத்தார்கள். இதுவரை 27 திருத்தங்கள் வந்துள்ளன. ஆனால் தெரிந்தே விட்டுவைத்த பிழைக்கு விலை அதிகம். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அபிகேல் அம்மையார் கேட்டதில் ஒரு பங்காக, நாடெங்கும் பெண்களுக்கு வாக்குரிமை 1920இல்தான் அரசியலமைப்பில் ஏறியது.

ஆசிரிய நண்பர்களே, இதனை வகுப்பில் நடத்த ஓர் எளிய வழி சொல்கிறேன். மாணவர்களை அளவில் சமமற்ற ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒன்றில் பன்னிருவர், ஒன்றில் மூவர் என்று இருக்கட்டும். விளையாட்டுப் போட்டிக்கான சட்டையின் நிறத்தை அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் முதலில், தலைக்கு ஒரு வாக்கா, குழுவுக்கு ஒரு வாக்கா என்பதை அவர்களே பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். நான் செய்து பார்த்தபோது ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று. நிறம் கடைசிவரை முடிவாகவில்லை. ஆயினும் பிலடெல்பியாவில் ஏன் நான்கு மாதங்கள் ஆயின என்பதை விளக்கவேண்டிய வேலை எனக்கு இல்லாமற்போயிற்று!

பெற்றோர்களே, பிள்ளைகள் தேதிகளை ஒப்பிப்பதைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், "அப்புறம் என்ன நடந்தது?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டான். இதைப் படிக்க நேர்ந்தால், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரே வரியில் பதில் சொன்ன இந்த டீச்சரைப் பொறுத்துக்கொள்வானாக. மீதிப் பதில் இதோ, தாமதமாக.